வெள்ளை நாய், கருத்த முகம், ஒரே ஃப்ரேம்: எக்ஸ்போஷரும் டெப்த் ஆஃப் ஃபீல்டும்

(எபிசோடின் ஒலிவடிவத்திலிருந்து எழுதப்பட்டது. படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னிக்கு மனசுக்குள்ள ஒரே ஒரு ஃபோட்டோ எடுக்கப் போறோம். எங்கே? ராஜபாளையத்துல. என்ன ஃபோட்டோ? ஒருத்தர் தன்னோட நாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார், அவ்வளவுதான்.

நாய், அந்த ஊர் பேரையே வெச்சிருக்கிற ராஜபாளையம் நாய். பால் வெள்ளை ரோமம், ரோஸ் கலர் மூக்கு, நீளமான முகம். 2005-ல இந்திய அஞ்சல் துறை நம்ம நாட்டு நாய் இனங்கள் நாலுக்குத் தபால்தலை வெளியிட்டாங்களே, அதுல ராஜபாளையமும் ஒண்ணு. பக்கத்துல நிக்கிறவர் தினமும் வெயில்ல வேலை பார்க்கிறவர். நல்ல கருப்பு. மதியம் பன்னிரண்டு மணி.

இந்த ஃபோட்டோவை ஆட்டோ மோட்ல எடுத்தா ரெண்டுல ஒண்ணு நடக்கும். ஒண்ணு, நாய் அழுக்கு வெள்ளையா, சாம்பல் பூசின மாதிரி வரும். அவர் முகம் கரிக்கட்டையா போயிடும். இல்லேன்னா முகம் நல்லா வரும். நாய் இருக்கிற இடத்துல வெள்ளைப் பேப்பர் ஒட்டின மாதிரி ஒரு வெற்றிடம்தான் இருக்கும். ரோமமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது.

அப்ப எல்லாரும் என்ன சொல்லுவாங்க? "அவர் ரொம்பக் கருப்பு பாஸ், கேமராவுல அப்படித்தான் வரும்." கல்யாண வீட்டு ஃபோட்டோவிலிருந்து காலேஜ் ஐடி கார்டு வரைக்கும் நம்மள்ல பாதிப் பேர் இதைக் கேட்டிருப்போம். இந்த வாக்கியம் பொய். ஏன் பொய்னு சொல்றதுதான் இன்னிக்கு எபிசோட்.

கேமராவுக்கு நாயும் தெரியாது, ஆளும் தெரியாது

கேமராவுக்குள்ள ஒரு லைட் மீட்டர் இருக்கு. அதுக்கு வர்ற வெளிச்சம் எவ்வளவுன்னுதான் தெரியும். எதிர்ல இருக்கிற பொருள் வெள்ளையா கருப்பான்னு தெரியாது. அதனால அது ஒரு யூகத்தோட வேலை செய்யுது: உலகத்துல எல்லாத்தையும் கலந்து சராசரி பார்த்தா நடுத்தரமான ஒரு சாம்பல் நிறம் வரும்னு. ஃபோட்டோகிராஃபர்கள் இதை 18 சதவீதச் சாம்பல்னு சொல்லுவாங்க. ஃப்ரேம்ல எது இருந்தாலும் அதை அந்தச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும்.

வீட்டிலேயே சோதிச்சுப் பாருங்க. ஒரு வெள்ளை வேட்டியை விரிச்சு, ஃப்ரேம் முழுக்க அது மட்டும் இருக்கிற மாதிரி ஆட்டோவுல ஒரு படம் எடுங்க. அடுத்தது ஒரு கருப்புக் குடையை விரிச்சு அதே மாதிரி ஒரு படம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. வேட்டி மங்கிப் போயிருக்கும், குடை வெளுத்துப் போயிருக்கும். ரெண்டும் சாம்பலை நோக்கி ஓடியிருக்கும்.

இப்ப நம்ம நாய்க்கு வாங்க. வெள்ளை நாய் ஃப்ரேம்ல பாதியை அடைச்சுக்கிட்டா, "ஐயோ, வெளிச்சம் ஜாஸ்தி"ன்னு கேமரா வெளிச்சத்தைக் குறைச்சிடும். பக்கத்துல இருக்கிறவர் முகத்துக்கு வரவேண்டிய வெளிச்சமும் அதோட போச்சு. ஆக, முகம் இருட்டானதுக்குக் காரணம் அவர் நிறம் இல்ல, நாயோட நிறம்.

இதைச் சரி பண்ண கேமராவுல ஒரு பட்டன் இருக்கு: கூட்டல், கழித்தல் குறி போட்டது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். வெள்ளைப் பொருள் நிறைய இருந்தா பிளஸ், கருப்பு நிறைய இருந்தா மைனஸ். முதல் தடவை கேக்கும்போது தலைகீழா தோணும். வெள்ளையா இருக்கு, அதுக்கு மேல வெளிச்சத்தைக் கூட்டறதான்னு. ஆமா, கூட்டணும். கேமரா குறைச்சதை நாம திருப்பிக் குடுக்கிறோம், அவ்வளவுதான். நாய் பாதி ஃப்ரேமை அடைச்சிருந்தா பிளஸ் 1-ல ஆரம்பிங்க.

ஸ்டாப் கணக்கு

பிளஸ் 1-னா என்ன? ஒரு ஸ்டாப். ஒரு ஸ்டாப் கூட்டினா வெளிச்சம் ரெண்டு மடங்கு, குறைச்சா பாதி. இந்த ஒரே அளவுகோல்லதான் மூணு விஷயமும் ஓடுது.

முதல்ல ஷட்டர். எவ்வளவு நேரம் கதவு திறந்திருக்குங்கிற கணக்கு. 1/250 செகண்டிலிருந்து 1/125-க்குப் போனா நேரம் ரெண்டு மடங்கு, ஆக ஒரு ஸ்டாப் கூடுது.

ரெண்டாவது அப்பர்ச்சர். லென்ஸுக்குள்ள இருக்கிற துளை. எண் சின்னதா இருந்தா துளை பெருசு, இது பல பேருக்குக் குழப்பம். காரணம் சுலபம்: அது ஒரு வகுத்தல். 50 மில்லிமீட்டர் லென்ஸ்ல எஃப் 2-ன்னா 50-ஐ 2-ஆல வகுத்து 25 மில்லிமீட்டர் அகலத் துளை. எஃப் 8-ன்னா 50-ஐ 8-ஆல வகுத்தா ஆறே கால் மில்லிமீட்டர். எஃப் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16: இந்த வரிசையில ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப்.

மூணாவது ஐஎஸ்ஓ. இதுல உள்ளே வர்ற வெளிச்சம் மாறாது. வந்த வெளிச்சத்துல உண்டான சிக்னலைப் பெருக்கிக் காட்டுது. மைக்ல மெதுவா பேசினதை அப்புறம் வால்யூம் ஏத்திக் கேக்கற மாதிரி. பேச்சோட சேர்ந்து இரைச்சலும் ஏறும். ஃபோட்டோவுல அந்த இரைச்சல் புள்ளி புள்ளியா வரும்.

இங்கதான் ஒரு முக்கியமான விஷயம். அந்த இரைச்சல் முதல்ல கண்ணுக்குத் தெரியறது படத்தோட இருட்டான பகுதியில. வெளிச்சம் பத்தாம எடுத்துட்டு அப்புறம் எடிட்டிங்ல ஏத்திக்கலாம்னு விட்டா, அடி வாங்கறது யாரு? கருத்த முகம்தான். கன்னத்து மேடு, நெத்திச் சுருக்கம், கண்ணோரம் எல்லாம் மழுங்கிப் போகும். வெள்ளைச் சட்டைக்கு ஒண்ணும் ஆகாது. குறைவான எக்ஸ்போஷர் எல்லாரையும் ஒரே மாதிரி பாதிக்கிறதில்ல. அதனால ஷட்டரை அழுத்தும்போதே முகத்துக்குப் போதுமான வெளிச்சத்தைக் குடுத்திடணும்.

அதுக்காக இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது. டிஜிட்டல் சென்சார்ல வெள்ளை ஒரு எல்லையைத் தாண்டிட்டா அங்க தகவலே பதிவாகாது. எந்த ஆப்பாலயும் திரும்பக் கொண்டுவர முடியாது. எல்லையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாயோட மூக்கைப் பாருங்க. ரோஸ் மூக்கு ரோஸாவே இருக்கா, இல்ல வெளுத்துப் போச்சா? ரோஸ் நிறத்துல சிவப்புதான் அதிகம், அதனால அங்க சிவப்பு சானல் சீக்கிரம் நிரம்பிடும். படத்தை பிளேபேக்ல பார்த்து ஹைலைட் எச்சரிக்கையை ஆன் பண்ணினா, எல்லை தாண்டின இடமெல்லாம் மினுக்கும். நாயோட முதுகு மினுக்க ஆரம்பிச்சா மூணுல ஒரு ஸ்டாப் குறைங்க. போதும்.

பிரச்சினை தோல்ல இல்ல, வெயில்ல

இப்ப அந்தப் பொய்க்கு வருவோம். நாயும் ஆளும் ஒரே மரத்து நிழல்ல நிக்கிறாங்கன்னு வெச்சுக்கங்க. ரெண்டு பேர் மேலயும் ஒரே வெளிச்சம். அப்ப வெள்ளை ரோமத்துக்கும் கருத்த தோலுக்கும் உள்ள வித்தியாசம் சுமாரா மூணு ஸ்டாப்தான் இருக்கும். இன்னிக்கு மார்க்கெட்ல இருக்கிற சாதாரண டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராவோட சென்சாரே பத்து ஸ்டாப்புக்கு மேல தாங்கும். மூணு எங்க, பத்து எங்க! ரெண்டு பேரும் தாராளமா ஒரே ஃப்ரேம்ல வரலாம்.

அப்ப மதியம் ஏன் வரலை? வெயில் உச்சியில இருக்கு. நாய் முதுகு மேல நேர் வெயில் அடிக்குது. அவரோட கண்ணும் கன்னமும் அவர் புருவத்து நிழல்லயே இருக்கு. மூணு ஸ்டாப்போட இன்னும் மூணு நாலு ஸ்டாப் சேர்ந்திடுச்சு. அதோட மீட்டர் வேற நாயைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைச்சிடுச்சு. மூணும் சேர்ந்த கோளாறு. பழி மட்டும் அவர் தோலுக்கு.

இந்தப் பழிக்கு ஒரு வரலாறும் இருக்கு. கலர் ஃபிலிம் காலத்துல லேப்ல நிறம் சரியா வருதான்னு பார்க்க ஒரு மாதிரிப் படம் வெச்சிருப்பாங்க. கோடாக்கோட அந்தக் கார்டுல இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அதுக்கு 'ஷெர்லி கார்டு'ன்னே பேர். அவங்க தோல் நல்லா வந்தா பிரின்ட் சரின்னு அர்த்தம். கருப்பு, மாநிறத் தோல்களை அளவுகோலாவே யாரும் வெச்சுப் பார்க்கலை. பிரவுன் நிறங்களை நல்லா காட்டற மாதிரி ஃபிலிம் மேம்பட்டதுக்கு, சாக்லேட் கம்பெனிகளும் மர ஃபர்னிச்சர் கம்பெனிகளும் புகார் பண்ணினதும் ஒரு காரணம்னு கோடாக்ல வேலை பார்த்தவங்களே பின்னாடி சொல்லியிருக்காங்க. சாக்லேட் சொன்ன பிறகுதான் காதுல விழுந்திருக்கு!

இப்ப நிலைமை தலைகீழா ஒரு பக்கம் போகுது. ஃபோன்ல பியூட்டி மோடை ஆன் பண்ணினா முகத்தை வழவழன்னு ஆக்கி, ரெண்டு ஷேடு வெளுப்பாக்கியும் குடுத்திடுது. இருட்டடிக்கிறதும் தப்பு, வெள்ளையடிக்கிறதும் தப்பு. அவர் நிறம் அவர் நிறமா வரணும். அதுக்குப் பேர்தான் சரியான எக்ஸ்போஷர்.

எது கூர்மை, எது மங்கல்

அடுத்தது டெப்த் ஆஃப் ஃபீல்ட். ஃபோகஸ் பண்ணின இடத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் எவ்வளவு தூரம் வரைக்கும் படம் கூர்மையா தெரியுதோ, அந்த ஆழம். துளை பெருசானா ஆழம் குறையும். கிட்டப் போனாலும் குறையும். லென்ஸ் நீளமானாலும் குறையும்.

எண்ணைப் பார்த்தா நல்லா புரியும். ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா, 50 மில்லிமீட்டர் லென்ஸ், அவர் இருக்கிறது எட்டு அடி தூரத்துல, அதாவது இரண்டரை மீட்டர். எஃப் 1.8 வெச்சா கூர்மையான ஆழம் சுமார் 17 சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு. எஃப் 5.6 வெச்சா சுமார் 53 சென்டிமீட்டர், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல. அதே எஃப் 1.8-ல பாதி தூரத்துக்கு வந்துட்டீங்கன்னா 17-ல கால்வாசிதான் மிஞ்சும். நாலு சென்டிமீட்டர். தூரம் பாதியானா ஆழம் கால்வாசியாகும், இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க.

ராஜபாளையம் நாய்க்கு முகம் நீளம்னு சொன்னேன்ல? கிட்டப் போய் எஃப் 1.8-ல எடுத்தா, கண் கூர்மையா இருக்கும், மூக்கு பஞ்சு மாதிரி இருக்கும். பக்கத்துல இருக்கிற ஆளைப் பத்திக் கேக்கவே வேண்டாம். அவர் ஒரு அடி பின்னாடி தள்ளி நின்னாலே ஃபோகஸுக்கு வெளியதான்.

இதுக்கு அப்பர்ச்சரைத் தொடாமலே ஒரு வழி இருக்கு. அவரை நாய்க்குப் பக்கத்துல குத்தவெச்சு உக்காரச் சொல்லுங்க. அவர் கண்ணும் நாய் கண்ணும் கேமராவிலிருந்து ஒரே தூரத்துல இருக்கணும். நீங்களும் கீழ உக்காந்து அவங்க கண் மட்டத்துக்கு வாங்க. ரெண்டு முகமும் ஒரே தளத்துக்கு வந்துடும். மிச்சத்தை எஃப் 5.6 பார்த்துக்கும்.

பின்னணி மங்கினா அழகுதான், மறுக்கலை. ஆனா எல்லாத்தையும் கரைச்சுட்டா அவர் எந்த ஊர்க்காரர்னே தெரியாது. ராஜபாளையத்துக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிக்குது. எஃப் 5.6-லயோ 8-லயோ எடுத்தா அந்த மலை லேசா மங்கினாலும், மலைன்னு தெரியற அளவுக்கு நிக்கும். படத்துல ஊர் இருக்கும். எவ்வளவு மங்கணும்கிறதை லென்ஸ் முடிவு பண்ண விடாதீங்க. அந்த முடிவு உங்களோடது.

அந்த மலை இன்னொரு உதவியும் பண்ணுது. சாயங்காலம் சூரியன் முழுசா அஸ்தமிக்கிறதுக்கு முன்னாடியே மலைக்குப் பின்னாடி போயிடும். நேர் வெயில் போச்சு, வானம் மட்டும் வெளிச்சமா இருக்கும். ஊரே ஒரு பெரிய நிழல் பந்தல் மாதிரி. நம்ம ஃபோட்டோவுக்கு அதுதான் நேரம். அப்பர்ச்சர் பிரயாரிட்டி மோட், எஃப் 5.6, நாய் துள்ளும்கிறதால ஷட்டர் 1/250-க்குக் குறையாம, அதுக்கு ஏத்த மாதிரி ஐஎஸ்ஓ 400 அல்லது 800, காம்பன்சேஷன் பிளஸ் 1-ல ஆரம்பம். ஃபோகஸ் அவர் கண்ல. எடுத்துட்டு நாய் மூக்கைப் பாருங்க.

மதுரை ரோட்டுல கொஞ்சம் தூரம்

அங்கிருந்து மதுரை ரோட்டுல பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்தா ஸ்ரீவில்லிபுத்தூர். இதே பாடம் அங்க மூணு விதமா வரும்.

முதல்ல ஆடிப்பூரத் தேர். இங்க ஃப்ரேம்ல ஒருத்தர் முக்கியம் கிடையாது. வடம் பிடிக்கிற அத்தனை பேரும் முக்கியம். அகலமான லென்ஸ் போடுங்க, 18 மில்லிமீட்டர். எஃப் 8 வெச்சு சுமார் 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல ஃபோகஸ் பண்ணிட்டா, ஏபிஎஸ்-சி கேமராவுல ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் தள்ளி இருந்து அடிவானம் வரைக்கும் கூர்மை. கிட்ட வடத்தை இழுக்கிற கையும் தெரியும், பின்னாடி 190 அடிக்கு மேல நிக்கிற 11 நிலை கோபுரமும் தெரியும். வெளிச்சத்துக்கு ஒரு பழைய கணக்கு: நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ 100, எஃப் 16, ஷட்டர் 1/125. நாம எஃப் 8-க்கு வந்தா ரெண்டு ஸ்டாப் கூடுது, அதனால ஷட்டரை ரெண்டு ஸ்டாப் ஏத்தி 1/500. தேர் மெதுவாத்தான் நகரும், ஆனா இழுக்கிற கைகள் வேகம். 1/500 அதை நிறுத்திடும். மேகம் போட்டா ஐஎஸ்ஓ-வை 400-க்கு ஏத்துங்க.

ரெண்டாவது செண்பகத்தோப்புப் பக்கம், மலை அணில். 1988-ல சரணாலயமா அறிவிச்ச காடு, 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தோட பகுதி. வனத்துறை அனுமதி வாங்கிட்டுத்தான் போகணும், ஃபிளாஷ் போடவே கூடாது. இங்க வெள்ளை நாயோட இடத்துல வானம் இருக்கு. அணில் மரத்து உச்சியில, பின்னாடி பளீர்னு வானம். மீட்டர் வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும், அணில் நிழலா வரும். பிளஸ் 1-லிருந்து பிளஸ் 2 வரைக்கும் ஏத்துங்க. வானம் வெளுக்கட்டும், பரவாயில்ல. நாம வந்தது அணிலைப் பார்க்க.

மூணாவது பால்கோவா. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின இனிப்பு. இன்ஸ்டாவுல தேடிப் பாருங்க: எஃப் 1.8-ல ஒரு துண்டு பால்கோவா, ஓரம் மட்டும் கூர்மை, மிச்சமெல்லாம் மங்கல். அழகாத்தான் இருக்கு. ஆனா விறகடுப்பு முன்னாடி நின்னு பாலைச் சுண்டச் சுண்டக் கிளறினவர் எங்க? இடம் இருட்டு, அவர் முகத்துல அடுப்பு வெளிச்சம், நடுவுல வெள்ளைப் பால், ஆவி. திரும்பவும் அதே வெள்ளையும் கருப்பும். ஐஎஸ்ஓ 3200 போனாலும் போகட்டும், எஃப் 4-க்கு வாங்க, ஷட்டர் 1/125. கொஞ்சம் புள்ளி விழும். ஒண்ணும் தப்பில்ல. கிளறும்போது கரண்டி லேசா அசைஞ்சு தெரியும், அதுவும் நல்லதுதான். பால்ல ஃபோகஸ் பண்ணாதீங்க, அவர் கண்ல பண்ணுங்க. ஏசி கார்லிருந்து இறங்கி நேரா ஆவிக்குள்ள போனா லென்ஸ் பனிச்சுப் போயிடும், கொஞ்ச நேரம் வெளிய வெச்சிருந்து எடுங்க. அவர்கிட்ட அனுமதி கேட்டுட்டு எடுங்க, எடுத்ததும் காட்டுங்க.

ஃபோன்தான் இருக்குன்னா

தாராளமா முடியும். ஃபோன் திரையில முகத்தைத் தொடுங்க, அது அந்த இடத்தை வெச்சு அளக்கும். பெரும்பாலான ஃபோன்கள்ல பக்கத்துல ஒரு சூரியன் குறி வரும், அதை மேல கீழ இழுத்தா நாம பேசின காம்பன்சேஷன்தான். சென்சார் சின்னதுங்கிறதால ஃபோன்ல இயல்பாவே ஆழம் ஜாஸ்தி. போர்ட்ரெய்ட் மோட்ல வர்ற மங்கல் பெரும்பாலும் கணக்குப் போட்டு உண்டாக்கினது. நாய் மீசையையும் காதோர ரோமத்தையும் அது வெட்டி எறிஞ்சிருக்கான்னு பெருசாக்கிப் பாருங்க. பியூட்டி மோடை ஆஃப் பண்ணிடுங்க.

இந்த வாரத்துக்கு வேலை: ஒரு வெள்ளைப் பொருளையும் ஒரு மனுஷரையும் ஒரே ஃப்ரேம்ல எடுங்க. வெள்ளை நாய்தான் வேணும்னு இல்ல. இட்லித் தட்டு, சுண்ணாம்பு அடிச்ச சுவர், பாட்டியோட வெள்ளைச் சேலை, எதுவா இருந்தாலும் சரி. காம்பன்சேஷன் பூஜ்யத்துல ஒண்ணு, பிளஸ் 1-ல ஒண்ணு, பிளஸ் 2-ல ஒண்ணு. அப்புறம் மூணையும் அந்த மனுஷர்கிட்டயே காட்டி, "இதுல எது நீங்க?"ன்னு கேளுங்க. அவங்க காட்டற படத்தை எங்களுக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.